சாமானியனின் அபிப்பிராயம்

இலக்கியத்திற்கென ஒதுக்கப்பட்ட பக்கத்தில் மோட்டார் வண்டிகளைப் பற்றியும், கைத்தொலைபேசி விளையாட்டுக்களைப் பற்றியும், இளைஞர் முணுமுணுக்கும் பாட்டுக்களைப் பற்றியும் எழுதலாமா? எழுதலாகாது என்பாரே நம்மிடையே மிகுதி. பள்ளி ஆசிரியரும் இலக்கிய வட்டத்தாரும் இவற்றைப் பொழுதுபோக்கு என்னும் ஒரு சொல்லால் ஒதுக்கிவிடுகின்றனர். யந்திரங்களில் மோகங்கொண்ட இளைஞன் ஒருவன் அவற்றைப் பற்றித் தன் அபிப்பிராயத்தைச் சொல்லத் தொடங்கினால், "போய்ப் பாடத்தைப் படி" என்பதே அவனுக்குக் கிடைக்கும் மறுமொழி. அவ்வபிப்பிராயம் காதுகொடுத்துக் கேட்கத் தக்கது, தமிழில் எழுதிவைக்கவும் தக்கது என்பது எனது துணிபு. இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. மாத்தளை மாவட்டத்திலேயே சான்றுகள் உள்ளன.

பழமையைப் போற்றுவோர் முதலில் ஒன்றை நினைவுகூர வேண்டும். சங்கப் புலவர் பாடிய பொருள்களுள் தேரும் குதிரையும் உண்டு. கழங்கும் வட்டும் பந்தும் ஓரையும் உண்டு. பாணரும் கூத்தரும் விறலியரும் உண்டு. இக்காலத்து வழக்கிற் கூறின், வாகனமும் விளையாட்டும் வெகுசனக் கலையுமே அவை. முல்லைக்குத் தேர் ஈந்த பாரியின் வள்ளன்மையை வியக்கின்றோம். அக்காலத்தில் தேர் எத்துணை அருமையான ஊர்தி என்பதை அறிந்தவனுக்கே அக்கொடையின் பெருமை முழுதும் விளங்கும். ஆகவே ஊர்தியைப் பற்றிய அறிவு கவிதைக்குப் புறம்பான அறிவன்று.

இனி மாத்தளைக்கு வருவோம். மாவட்டத்தின் வடபால் நிற்பது சிகிரியாக் குன்று. கி.பி. 5ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காசியப்பன் என்னும் அரசன் அதன் உச்சியில் மாளிகை எடுத்தான். மேலேறும் வழியில், பாறையின் பக்கத்தில் பெண்களின் ஓவியங்கள் உள்ளன. வழியை ஒட்டி, வழவழப்பாக மெருகிட்ட சாந்து பூசிய மதில் ஒன்று செல்கிறது. கண்ணாடிச் சுவர் என்பது அதன் பெயர். அரசன் மாண்டு, மாளிகை பாழான பின்னர், குன்றைக் காண வந்தவர்கள் அம்மதிலில் தம் அபிப்பிராயங்களைக் கூர்முனையாற் கீறிவிட்டுச் சென்றனர். தொல்லியலறிஞர் செனரத் பரணவிதான அவற்றுள் 685 சிங்களச் செய்யுள்களைப் படித்தறிந்து 1956இல் நூலாக வெளியிட்டார். அவை 8ஆம் நூற்றாண்டு முதல் 10ஆம் நூற்றாண்டு வரையானவை.

எழுதியவர் யாவர்? பிக்குகள் உண்டு, அரச அலுவலர் உண்டு, பெண்களும் உண்டு. காவியம் இயற்ற வந்தவர்கள் அல்லர் அவர்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள். ஓவியத்துப் பெண்களின் அழகைச் சிலர் வியந்தனர். அப்பெண்கள் வாய்திறந்து ஒரு சொல் பேசவில்லையே என்று சிலர் குறைப்பட்டனர். தம் காலத்து மக்கள் கூடிப் பார்த்த ஒரு காட்சியைப் பற்றிச் சாமானியர் போகிற போக்கிற் சொன்ன வார்த்தைகளே அவை. இன்று சிங்கள மொழியின் வரலாற்றை ஆராய்பவர்க்கு அவையே பெருஞ்செல்வமாய் விளங்குகின்றன.

இதே குன்று 20ஆம் நூற்றாண்டில் யந்திர ஆர்வலர் ஒருவரையும் ஈர்த்தது. 1956இல் இலங்கைக்கு வந்து, 2008இல் மறையும்வரை இங்கேயே வாழ்ந்த ஆதர் சி. கிளார்க்கைத்தான் குறிப்பிடுகின்றேன். 1945இல் அவர் பிரித்தானிய விமானப் படையில் பணிபுரிந்த இளைஞர். அப்போது பல்கலைக்கழகப் பட்டம் பெற்றிராதவர். நிலநடுக்கோட்டிற்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் மூன்று நிலையங்களை நிறுத்தினால் உலகெங்கும் ஒலிபரப்பலாம் என்று வானொலிச் சஞ்சிகை ஒன்றில் எழுதினார். இருபது ஆண்டுகள் கழித்து, 1965இல் 'ஏர்லி பேர்ட்' என்னும் செய்மதி அவ்வுயரத்திற் சென்று நின்றது. 1979இல் வெளிவந்த தமது நாவலில், பூமியிலிருந்து விண்ணுக்குச் செல்லும் மின்தூக்கி ஒன்றைக் கற்பனை செய்து, சிகிரியாவையும் வேறு பெயரில் அதனுள் அமைத்தார். அம்மின்தூக்கி நிலநடுக்கோட்டிலன்றி நிற்காதாகையால், கதையின் தேவைக்காக இலங்கைத் தீவையே 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்திக்கொண்டார்!

1982இல் 'டுரான் டுரான்' என்னும் ஆங்கிலப் பாட்டுக்குழு, 'சேவ் எ பிரேயர்' என்ற தன் பாட்டுக்கான படத்தின் ஒரு பகுதியைச் சிகிரியா உச்சியிலே பிடித்தது. அதே ஆண்டில் யுனெஸ்கோ சிகிரியாவை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. அதே ஆண்டிலேயே ரூபவாஹினியும் ஒளிபரப்பைத் தொடங்கியது. பிறர் நம் குன்றைப் பார்த்துச் சொன்னவை புத்தகமாகவும் படமாகவும் உலகைச் சுற்றி வருகின்றன. பிறருடைய யந்திரங்களையும் பாட்டுக்களையும் பார்த்து நாம் சொன்னவை எங்கே? பஸ் நிலையத்தருகிலும் சலூன் வாங்கிலும் தேநீர்க் கடையிலும் பேசப்பட்டு, அன்றைக்கே காற்றோடு போயின.

அப்பேச்சிலே சரக்கு உண்டா என்று கேட்பவர்க்கு, மோட்டார் வண்டியை முதல் உதாரணமாகக் காட்டுவேன். மாத்தளைத் தமிழனின் வரலாறு பாதையிலே தொடங்கிய வரலாறு. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் மன்னாரிலிருந்து காடு கடந்து, தம்புள்ளை வழியாகக் கால்நடையாக மாத்தளையை அடைந்தனர். நோயாலும் பசியாலும் வழியிலே மாண்டோர் பலர். 1848இல் இங்கு மூண்ட கிளர்ச்சிக்குக் காரணமான வரிகளுள் நாய்க்கும் துப்பாக்கிக்கும் விதித்த வரியோடு வண்டிக்கு விதித்த வரியும் ஒன்று. 1880இல் புகைவண்டி இந்நகரை எட்டியது. அண்மைக் காலத்தில், 2020இல் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டபோது, வண்டியின் விலையைவிட அதன் வரியைப் பற்றியே ஊரெங்கும் பேச்சு. 1848ஐ அறிந்த ஊருக்கு இது புதிய பேச்சன்று.

ஹைபிரிட் கார்களைப் பற்றி நம் இளைஞர் பேசுவதைக் கேட்டிருக்கின்றேன். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் விசையை மின்சாரமாக்கிப் பற்றரியிற் சேர்ப்பது அவ்வண்டியின் சிறப்பு. நின்று நின்று செல்லும் நகரத் தெருவில் இதனால் எரிபொருள் மிச்சமாகும். ஆயின் இரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் மலைக்கு ஏறி, மீண்டும் இறங்கிப் பாருங்கள். நீண்ட இறக்கத்திலே பற்றரி விரைவில் நிரம்பிவிடும். அதன்பின் விசையைச் சேர்த்துவைக்க இடமில்லை. என்ஜினைக் கொண்டே வேகத்தைத் தடுக்க அறியாதவன் பிரேக்கைச் சூடாக்கித் தொல்லைப்படுவான். சமவெளியைக் காட்டும் விளம்பரம் இதனைச் சொல்லாது. மலைப்பாதையில் தினமும் ஓட்டுபவன் சொல்லுவான். அவன் சொல்லுவதை அபிப்பிராயம் என்கின்றோம்; உண்மையில் அஃது அனுபவத்தால் விளைந்த அறிவு.

விளையாட்டும் அத்தகையதே. 'பப்ஜி', 'ஃப்ரீ ஃபயர்' முதலியவை நம் மாணவர் கைகளிலே தவழ்வதை அறியாத ஆசிரியர் இல்லை. விமானத்திலிருந்து பலர் ஒரு தீவில் குதிக்கின்றனர். ஒருவரையொருவர் சுட்டு வீழ்த்துகின்றனர். எஞ்சி நிற்பவன் வென்றவன். இதனைக் கண்டிப்பது எளிது. ஆயின் விளையாடும் பையனிடம் விசாரித்தால், நாம் எண்ணாத ஒன்றைச் சொல்லுவான். விரல் அழுத்திய கட்டளை கடல் கடந்த கணினிக்குப் போய்த் திரும்ப வேண்டும். அலைவரிசை வலுவாக உள்ள நகரத்துப் பையனுக்கு அது கணத்திலே நிகழ்கிறது. மலைச்சரிவிலே, லயத்து வாசலில் நின்று அலைவரிசை தேடும் பையனுக்குத் தாமதமாகிறது. எதிரியைக் காணுமுன்பே அவன் வீழ்ந்துபடுகிறான். திறமையில் தோற்றானா, இருப்பிடத்தால் தோற்றானா? தோட்டத்து வாழ்க்கையைப் பற்றி நாம் கட்டுரை கட்டுரையாக எழுதும் கேள்வியை அச்சிறுவன் விளையாட்டிலே கண்டுகொண்டான்.

மற்றொன்றும் உண்டு. 2009 வரை உண்மைப் போரைக் கண்ட தீவு இது. கடைசியாக நிற்பவனே வென்றவன் என்னும் விளையாட்டை இத்தீவின் பிள்ளை ஆடும்போது அவன் மனத்திலும், பக்கத்திலிருந்து பார்க்கும் தாயின் மனத்திலும் என்ன ஓடுகிறது? அந்த விளையாட்டை ஆக்கிய அயல்நாட்டான் இதற்கு விடை கூற இயலாது. நம்மவன் ஒருவன் எழுதினாலன்றி அது எழுதப்படாமலே போகும். இழப்பு எத்தகையது என்பதை இங்கே காண்க.

பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. சினிமாப் பாட்டைப் பற்றிச் சுவையாகப் பேசுவதற்கு ஒரு தமிழை உருவாக்கியதில் இலங்கை வானொலிக்குப் பெரும் பங்கு உண்டு. மயில்வாகனன், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது ஆகியோரின் குரலைத் தமிழகத்து வீடுகளும் காத்திருந்து கேட்டன. பாட்டை அறிமுகஞ்செய்யும் இரண்டு வாக்கியத்திலே அவர்கள் காட்டிய தெளிவும் நயமும் எந்தச் சொற்பொழிவுக்கும் குறைந்தவையல்ல. மாத்தளையும் இதிற் பின்தங்கியதன்று. மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன், மலரன்பன் என எழுத்தாளர் பலரைத் தந்த ஊர் இது. 1980இல் வெளிவந்த 'அவள் ஒரு ஜீவநதி' என்னும் இலங்கைத் தமிழ்ப் படத்தைத் தயாரித்த மாத்தளை கார்த்திகேசுவும் இவ்வூரவரே. வெகுசனக் கலையைக் கீழானதென்று ஒதுக்கியிருந்தால் அப்படம் எங்கிருந்து வந்திருக்கும்?

எதிர்ப்பக்கத்து வாதங்களையும் நோக்குவோம். இவ்வபிப்பிராயங்கள் ஆழமற்றவை என்பது ஒன்று. சிலவற்றிற்கு அது பொருந்தும். கண்ணாடிச் சுவரில் எழுதப்பட்ட அனைத்துமே சிறந்த கவிதை என்று யாரும் சொல்லவில்லை. எழுதி எழுதியே ஆழம் வரும். ஆங்கிலச் சொற்கள் மலிந்துவிடும் என்பது மற்றொன்று. கியரும் பிரேக்கும் பற்றரியும் வந்தால் வரட்டும். தொழிலோடு வந்த சொற்கள் தொழிலோடு இருக்கும். ஏன் நல்லது, ஏன் தீயது, எதனோடு ஒப்பிட்டால் எது மேல் என்று நியாயம் உரைக்கும் வாக்கியம் தமிழாக இருக்க வேண்டும். அந்த வாக்கியத்தைப் பழக்காத மொழி, வழிபாட்டுக்கும் வாழ்த்துப்பாவுக்கும் மட்டுமே உரியதாய்ச் சுருங்கிவிடும்.

மூன்றாவது வாதமே வலியது. இந்நாளில் அபிப்பிராயமும் விலைக்கு விற்கப்படுகிறது. பொருளை ஆக்குபவனிடம் பணமோ பரிசோ பெற்றுக்கொண்டு புகழ்பவர் பலர். எது மெய், எது கூலிக்குச் சொன்னது என்று பிரித்தறிய முடியாமல் மக்கள் மயங்குகின்றனர். இதனாலேயே கூலி பெறாதவனின் சொல்லுக்கு மதிப்பு ஏறுகிறது. தான் பழகிய பொருளைப் பற்றி மட்டுமே பேசுதல், காரணம் காட்டுதல், எவரிடமும் கைநீட்டாதிருத்தல் என்னும் மூன்றையும் கடைப்பிடிப்பவனை விமர்சகன் என்று அழைக்க நான் தயங்கமாட்டேன்.

இன்று கண்ணாடிச் சுவரில் எவரும் எழுதலாகாது. 2015இல் கிழக்கிலிருந்து சுற்றுலா வந்த இளம்பெண் ஒருவர் அதிலே தம் பெயரைக் கீறியமைக்காக இரண்டாண்டுச் சிறைத்தண்டனை பெற்று, பின்னர் சனாதிபதியின் மன்னிப்பினால் விடுதலையானார். பழஞ்சுவரைக் காப்பது நம் கடமையே, அதில் ஐயமில்லை. ஆயின் பார்த்ததைப் பற்றித் தன் சொல்லையும் விட்டுச்செல்ல வேண்டும் என்னும் ஆவல் 8ஆம் நூற்றாண்டில் இருந்ததுபோலவே இன்றும் இருக்கிறது. அதற்கு வேறொரு சுவரை நாம் அமைத்துக் கொடுக்க வேண்டாமா?

மாத்தளை நகருக்குச் சற்று வடக்கே அலுவிகாரை உள்ளது. கி.மு. முதலாம் நூற்றாண்டில், பஞ்சத்தாலும் போராலும் ஓதுவோர் அருகியபோது, அதுகாறும் வாய்மொழியாக வழங்கிய திரிபிடகம் அங்கேதான் ஏட்டில் எழுதப்பெற்றது என்பது மரபு. மறைநூலையும் தெருப்பேச்சையும் நான் சமமாக வைக்கவில்லை. வாயில் மட்டும் வாழ்வது, சொல்பவரோடு மறையும் என்னும் பாடம் இரண்டிற்கும் பொது.

ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் சிறியதே. 'நூலகத்தின் பயன்' என்னும் தலைப்பிலே ஆண்டுதோறும் எழுதுவிக்கும் கட்டுரை இருந்துவிட்டுப் போகட்டும். ஒரு தவணையில் ஒரு முறையேனும், மாணவன் தான் நன்கறிந்த யந்திரம் ஒன்றையோ, விளையாட்டு ஒன்றையோ, பாட்டு ஒன்றையோ பற்றிக் காரணங்களோடு இரண்டு பக்கம் தமிழில் எழுதட்டும். பிழை திருத்துங்கள், அபிப்பிராயத்தைத் திருத்தாதீர்கள். இலக்கிய வட்டத்தார் மாதக் கூட்டத்திலே அவற்றுள் ஒன்றை வாசிக்கச் செய்து, அதனோடு வாதாடட்டும். முச்சக்கர வண்டி ஓட்டுபவர் ஒருவர் தம் வண்டியைப் பற்றி எழுதிய நல்ல கட்டுரையொன்று இப்பக்கத்தில் வெளிவருமாயின், அன்று முதலாவதாக அதனைப் படிப்பவன் நானாக இருப்பேன்.