பதினான்கு பரப்புக்கு எத்தனை குதிரை?

ரொறன்ரோவில் வாழும் என் மருமகன் கடந்த மாதம் தொலைபேசியில் அழைத்தான். சுகம் விசாரித்து முடிந்ததும், "மாமா, இருபத்துநாலு குதிரைவலு காணுமோ, இல்லாட்டி முப்பது எடுக்கவோ?" என்று கேட்டான். சண்டிலிப்பாயில் என் அக்காவின் சீதனக் காணி பதினான்கு பரப்பு இருக்கிறது. இரண்டு ஆண்டுகளில் ஊர் திரும்பி அதில் பயிர் செய்வது அவனது எண்ணம். அதற்கு முன்னதாகவே சிறிய நாற்சில்லு உழவு இயந்திரம் ஒன்றை வாங்கிக் கொட்டிலில் நிறுத்திவிட வேண்டும் என்கிறான்.

அவனுக்கு அன்று நான் உடனடியாக விடை கூறவில்லை. இதே கேள்வியை 2016இல் இன்னோர் உறவினர் கேட்டபோது சற்றும் யோசியாமல் "வாங்கு" என்று சொன்னவன் நான். அந்த இயந்திரம் இன்று மாமர நிழலில் பற்றறி செத்து நிற்கிறது. அண்மையில் அதன் மணிக்கணக்கைக் காட்டும் மானியைத் துடைத்துப் பார்த்தேன். இத்தனை ஆண்டுகளில் அது ஓடியது 212 மணித்தியாலங்கள் மட்டுமே. ஆலோசனை கூறிய பாவத்துக்கு அந்த எண்ணை நான் மறக்கக் கூடாது.

வெளிநாட்டு வாசகர்களுக்காக ஒரு கணக்கு. யாழ்ப்பாணத்தில் 16 பரப்பு ஓர் ஏக்கர். பதினான்கு பரப்பு என்பது ஏக்கருக்கும் சற்றுக் குறைவு. நான்கு அடி அகலச் சுழல்கலப்பை பூட்டிய 24 குதிரைவலு இயந்திரம், திரும்பும் நேரத்தையும் சேர்த்தாலும், அதனை ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் ஒருமுறை உழுதுவிடும். போகத்துக்கு இருமுறை, ஆண்டுக்கு மூன்று போகம் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் பன்னிரண்டு மணித்தியாலங்கள். ஆண்டொன்றில் உள்ள 8,760 மணித்தியாலங்களில் எஞ்சியவை முழுவதும் அது துருப்பிடிப்பதற்கான நேரம்.

எனவே குதிரைவலு கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி என்பதே என் கருத்து. அதற்கு முன்னர் கேட்க வேண்டியவை நான்கு இருக்கின்றன.

முதலாவது, ஒழுங்கை. மருமகனின் பதினான்கு பரப்பும் ஒரே துண்டாக இல்லை. எட்டுப் பரப்பு செம்மண் தோட்டம். ஆறு பரப்பு வழுக்கையாற்றுப் பக்கம் இரண்டு துண்டு வயல். சிறிய நாற்சில்லு இயந்திரங்களின் அகலம் மூன்று முதல் நான்கு அடிதான். ஒழுங்கைக்குள் அவை போகும். ஆனால் வேலி மூலையில் பெட்டியோடு திரும்ப வேண்டும். அயலவரின் வரம்பை உடைக்காமல் வயலுக்குள் இறங்க வேண்டும். தோட்டத்தின் நடுவே கட்டுக் கட்டாத கிணறு இருந்தால் அதன் ஓரத்தில் பின்னோக்கி எடுக்கும்போது உயிரே பணயம். விற்பனை நிலையத்தின் சீமெந்துத் தரையில் ஓட்டிப் பார்ப்பவருக்கு இவை எதுவும் தெரிய வராது.

இரண்டாவது, நிலம். வலிகாமத்துச் செம்மண்ணின் கீழே சுண்ணாம்புக்கல் இருக்கிறது. சில இடங்களில் அது ஆழத்தில். சில இடங்களில் ஓர் அடிக்குள்ளேயே. சுழல்கலப்பையின் கத்தி அதில் மோதினால் கத்தி வளையும், அல்லது முறியும். ஒரே ஆழத்தில் ஆண்டாண்டாகச் சுழற்றினால் மேல்மண் மாவாகி, அதன் கீழே நீர் இறங்காத கடினப் படை உருவாகும். வயலிலோ இதற்கு மாறான தொல்லை. மழைக்குப் பின் இளகிய நிலத்தில் பாரமான இயந்திரம் புதையும்.

மூன்றாவது, திருத்துபவர். என் உறவினரின் இயந்திரத்தில் ஒரு சிறிய பாகம் பழுதானது புரட்டாதிக் கடைசியில். அந்த உதிரிப்பாகம் யாழ்ப்பாணத்தில் இருக்கவில்லை. அது வந்து சேர்ந்தபோது விதைப்பு முடிந்துவிட்டது. மழையை நம்பி ஒரே போகம் நெல் விதைக்கும் எங்கள் ஊரில் மூன்று வாரத் தாமதம் என்பது ஓராண்டு இழப்பு. எந்த நிறத்து இயந்திரம் நல்லது என்று விசாரிப்பதை விட, எதைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர் மானிப்பாயிலோ சங்கானையிலோ இருக்கிறார் என்று விசாரிப்பது மேல்.

நான்காவது, எல்லாவற்றிலும் முக்கியமானது: யார் ஓட்டுவது? மருமகன் வரும்வரை அதனை யார் வாரமொருமுறை இயக்கி வைப்பது? இதற்கு விடை இல்லையென்றால் மற்ற மூன்றும் வீண்.

இந்த நான்கு கேள்விகளுக்கும் எங்கள் ஊர் முன்னரே கண்ட விடை இருசில்லு இயந்திரம். பிரித்தானியத் தயாரிப்பு ஒன்றின் பெயரான 'லான்ட்மாஸ்ரர்' எங்கள் வாயில் நிலைத்து, பின்னர் வந்த யப்பானியக் குபோட்டாவும் யன்மாரும்கூட லான்ட்மாஸ்ரர் ஆயின. அது உழும்; பெட்டி பூட்டினால் பசளையும் வெங்காயமும் ஏற்றும். 1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமம் இடம்பெயர்ந்தபோது, நாவற்குழி நோக்கி முதியவர்களையும் பாய் தலையணைகளையும் சுமந்து ஊர்ந்த வாகனங்களில் அதுவும் ஒன்று. 2022 யூனில் டீசல் லீற்றருக்கு 460 ரூபாயாகி, அதற்கும் வரிசையில் காத்துக் கிடந்தபோது, கொஞ்சமாகக் குடிக்கும் இயந்திரத்தின் அருமை மீண்டும் புரிந்தது.

பழைமையைப் போற்றுவதற்காக இதனை எழுதவில்லை. லான்ட்மாஸ்ரரின் பின்னால் நாள் முழுவதும் நடப்பது உடலை முறிக்கும் வேலை. கை அதிர்வு இரவிலும் அடங்காது. வரம்போரத்தில் அதனைத் திருப்பப் பலம் வேண்டும். இளைஞர்கள் அதற்கு வர மறுப்பதில் வியப்பில்லை. ஐம்பது அறுபது பரப்பு ஒரே இடத்தில் செய்பவருக்கும், ஊருக்கு உழுது கொடுக்கப் போகிறவருக்கும் சிறிய நாற்சில்லு இயந்திரம் நியாயமான தெரிவே. என் வாதம் இயந்திரத்துக்கு எதிரானதன்று. ஒரு படலைக்கு ஓர் இயந்திரம் என்ற மனப்பான்மைக்கு எதிரானது.

எங்கள் அயலில் ஒரு பெரியவர் இருக்கிறார். வயது எழுபதை நெருங்குகிறது. ஒரு லான்ட்மாஸ்ரரைக் கொண்டு சுற்றியுள்ள சிறு துண்டுகள் நாற்பதுக்கு மேல் உழுது கொடுக்கிறார். வெளிநாட்டுப் பணத்தில் ஒரு வீட்டுக்கு இயந்திரம் வரும்போதெல்லாம் அவருக்கு ஒரு துண்டு குறைகிறது. ஒருநாள் அவர் கணக்குப் பார்த்து நிறுத்திவிடுவார். மாமர நிழலில் நிற்கும் இயந்திரங்களுக்கு அதனால் நட்டமில்லை. வெளிநாட்டில் எவருமற்ற, நான்கு பரப்பு வயலை நம்பியிருக்கும் விதவைப் பெண்ணுக்கு முதல் மழை விழுந்த கிழமையில் உழ ஆள் இராது. நாம் அன்போடு அனுப்பும் பணம் ஊரின் உழவை இப்படியும் குலைக்கக் கூடும் என்பதை 2016இல் நான் எண்ணிப் பார்க்கவில்லை.

வங்காளதேசத்தைப் பாருங்கள். 1980களின் இறுதியில் வெள்ளமும் சூறாவளியும் உழவு மாடுகளை வாரிச் சென்ற பின்னர், இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டு, சீனத்து இருசில்லு இயந்திரங்கள் பெருந்தொகையாக வந்தன. அங்கும் காணிகள் எங்களுடையவை போன்ற சிறு துண்டுகளே. எனினும் உழவர் ஒவ்வொருவரும் இயந்திரம் வாங்கவில்லை. ஒருவர் வாங்கினார், ஊருக்கு வாடகைக்கு உழுதார். தமிழ்நாட்டிலும் அரசின் வேளாண்மைப் பொறியியல் துறை உழவு இயந்திரங்களை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறது. எங்கள் ஊர்களிலும் கமக்காரர் அமைப்புகள் இருக்கின்றன. கமநல சேவை நிலையங்கள் இருக்கின்றன. பத்து வீட்டார் சேர்ந்து ஒரு நல்ல இயந்திரமும் சம்பளத்துக்கு ஒரு சாரதியும் வைத்திருக்க என்ன தடை? பொதுச் சொத்தென்றால் எவரும் எண்ணெய் மாற்றமாட்டார்கள் என்பார்கள். உண்மைதான். அதனாற்றான் சாரதிக்குச் சம்பளத்தோடு பொறுப்பும் வேண்டும் என்கிறேன்.

இவ்வளவையும் அடுத்த அழைப்பில் மருமகனுக்குச் சொன்னேன். சற்று நேரம் மௌனமாக இருந்தான்.

"அப்ப நான் ஒண்டும் வாங்க வேண்டாம் எண்டு சொல்லுறியளோ?"

"இந்தக் காலபோகம் வாங்காதை தம்பி. பெரியவருக்குக் கூலியைக் குடுத்து உழுவி. ஐப்பசியில லீவு போட்டு வந்து வரம்பில நிண்டு பார். எந்தத் துண்டில கல்லு, எந்தத் துண்டில சேறு எண்டு அவர் சொல்லுவார். அவருக்குப் பிறகு ஆர் உழுகிறது எண்டும் அவரையே கேள்."

வருவதாகச் சொல்லியிருக்கிறான். வாங்குவதானால் அதன் பிறகு வாங்கட்டும். பதினான்கு பரப்புக்காக அன்றி, அந்தப் பெரியவர் உழும் நாற்பது துண்டுகளுக்காக வாங்கட்டும். அப்போது எத்தனை குதிரை என்று கேட்டால், நானும் அவனுடன் கடைக்குப் போகச் சித்தமாயிருக்கிறேன்.