தலை போனாலும் தலை வரும்... புழுவுக்கு!

போன வாரம் ராசிபுரம் போயிருந்தேன். பக்கவாதத்துல இடது கை விழுந்துபோன அப்புச்சி ஒரு நோட்டீசை நீட்டினார். "ஸ்டெம்செல் ஊசி போட்டா கை வந்துருமாமே கண்ணு?" செலவு சில லட்சம். காட்டை வித்துடலாமான்னு மாமா யோசிக்கிறார்.

நான் பிளனேரியா கதையைச் சொன்னேன். இந்தத் தட்டைப்புழு தலையை வெட்டினா, ரெண்டு வாரத்துக்குள்ள புது மூளையோட தலை முளைச்சுடும். பெங்களூர் இன்ஸ்டெம் ஆராய்ச்சி நிலையத்துலகூட இந்தப் புழுவை வெச்சு ஆராயறாங்க. அது உடம்பு பூரா ஸ்டெம்செல்தான். ஆனா அது பாதி கதை. எங்கே எது முளைக்கணும்னு சொல்றது சமிக்ஞை மூலக்கூறுகள். 'வின்ட்' சமிக்ஞை ஓங்கின இடத்துல வால், அடங்கின இடத்துல தலை. 2008-ல அந்தப் பாதையில இருக்கற பீட்டா-கேட்டனினை நிறுத்திப் பார்த்தாங்க. வால் வர வேண்டிய இடத்துலயும் தலை! 2002-ல ஜப்பான்காரங்க 'நௌ-டராகே' ஜீனை அடக்கினப்போ, மூளை தலையைத் தாண்டி உடம்பெல்லாம் முளைச்சுது.

நம்ம பொழப்புல சொன்னா, நூறு சர்வர் இருந்தும் கான்ஃபிக் ஃபைல் தப்புன்னா என்ன ஆகும்? அதேதான் :-)

நோட்டீஸ்ல ஊசி இருக்கு, சமிக்ஞை எங்கே? சில ரத்த நோய்களைத் தவிர மத்ததுக்கு ஆய்வுக்கு வெளியே ஸ்டெம்செல் சிகிச்சை கூடாதுன்னு 2017-லயே ஐசிஎம்ஆர் வழிகாட்டுதல் சொல்லிடுச்சு. நம்பிக்கையை விக்கறவங்ககிட்ட இந்தக் கேள்வியைக் கேட்டே ஆகணும்.

"புழுவாப் பொறந்திருக்கணும்"னு அப்புச்சி சிரிச்சார். இப்ப தினமும் பிசியோதெரபி. காடு தப்பிச்சுது.