45 நாள் அன்பு

சிங்கப்பூரில் ஒரு காரைக் கைவிடுவதற்குக்கூட காசு வேண்டும். மற்ற ஊர்களில் பழைய கார் கதைகள் கொட்டகையில் தொடங்கும். வைக்கோலுக்கு அடியில், பின்சீட்டில் கோழி அடைகாத்த அடையாளத்தோடு, முப்பது வருஷமாகத் தூங்கிய வண்டியை யாரோ கண்டெடுப்பார்கள். நம் தீவில் அப்படியொரு கதைக்கு வழியே இல்லை. 1990 மே மாதம் வாகன உரிமைச் சான்றிதழ் முறை வந்ததிலிருந்து இங்கே ஒரு காருக்கு ஆயுள் 10 வருஷம். அது முடிந்ததும் மறுபடி பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். இல்லையென்றால் பதிவை ரத்துசெய்துவிட்டு உடைக்கவோ ஏற்றுமதி செய்யவோ கொடுத்துவிட வேண்டும். ஆகவே இங்கே ஒரு பழைய கார் கேட்பாரற்றுக் கிடக்கிறது என்றால், யாரோ ஒருவர் வருஷம் தவறாமல் அதற்குச் சாலை வரியும் காப்புறுதியும் கட்டிக்கொண்டே அதைக் கேட்காமல் இருக்கிறார் என்று அர்த்தம்.

இந்தக் காசு கட்டிய புறக்கணிப்புக்கு நாம் 'மரபு' என்று பெயர் வைத்திருக்கிறோம். என் புகார் அதுதான்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 35 வயது தாண்டிய காரை 'கிளாசிக்' பிரிவில் பதிந்துகொள்ளலாம். செலவு குறையும். பதிலுக்கு ஆண்டுக்கு 45 நாள்தான் அதைச் சாலையில் ஓட்டலாம். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான உரிமைச் சான்றிதழ் மட்டுமே 1,50,000 வெள்ளியைத் தாண்டிய ஊர் இது. இங்கே 45 நாள் என்பது சலுகைதான். எனக்குக் கோபம் அந்த 45 மீது இல்லை. 45-ல் ஐந்தைக்கூட செலவழிக்காமல், 'எங்க தாத்தா காடி' என்று படம் மட்டும் எடுத்துப் போடுகிறவர்கள் மீதுதான்.

காத்தோங்கில், சிலோன் ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டு முகப்பில் இப்படியொரு கார் நின்றது. மோரிஸ் மைனர் 1000. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த, பிரிட்டனிலேயே முதன்முதலாகப் பத்து லட்சம் எண்ணிக்கையைத் தொட்ட கார். அந்தப் பேட்டையில் அது நின்றதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஸ்ரீ செண்பக விநாயகர் கோயிலைச் சுற்றி வாழ்ந்தவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து கிளார்க் வேலைக்கும் ரயில்வே வேலைக்கும் வந்த குடும்பங்கள். சேமித்த காசில் அவர்களில் பலர் வாங்கக்கூடிய கார்களில் ஒன்று மைனர். இந்தக் காரை வாங்கியவர் இறந்து பதினோரு வருஷம். அதற்குப் பிறகு கார் வெளியே போனது சோதனைக்கும் ஓரிரு கல்யாணத்துக்கும் மட்டும்.

ஒருநாள் அந்த வீட்டு ஆன்ட்டி என்னிடம் சொன்னார்: "ஒரு கஃபேக்காரங்க கேக்கறாங்க தம்பி. எஞ்சினை எடுத்துட்டு முன்பக்கத்தை மட்டும் கவுன்டரா வைப்பாங்களாம். அழகா இருக்குமாம். அப்பா பேரையும் போடுவாங்களாம்."

"ஓட்டலாமே ஆன்ட்டி?" என்றேன்.

"ஓட்டி ஏதாச்சும் ஆயிடுச்சுன்னா? அப்பாவோட ஞாபகம்ப்பா இது."

இந்த ஒரு வாக்கியத்தில் நம் மரபுச் சிந்தனை முழுக்க இருக்கிறது. ஓட்டினால் கெட்டுவிடும், ஓட்டாமல் இருந்தால் நிலைக்கும். இது முழுப் பொய். உணர்வுபூர்வமான பொய் என்பதால் யாரும் மறுத்துச் சொல்வதில்லை. இயந்திரம் அதை மறுத்துச் சொல்கிறது.

காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறையில் வேலை செய்யும் அங்கிள் ஒருவர், ஜோகூரிலிருந்து பாலம் தாண்டி தினமும் வருகிறவர், காரைப் பார்க்க ஒப்புக்கொண்டார். பானெட்டைத் திறக்கும் முன்பே சொன்னார்: "காடி ஓடிச் சாவறதில்ல தம்பி. நின்னுதான் சாவும்."

நின்று எப்படிச் சாகிறது என்பதை அடுத்த சில சனிக்கிழமைகளில் காட்டினார். பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அந்த ஈரம் சக்கர சிலிண்டர்களை உள்ளேயிருந்து துருப்பிடிக்க வைக்கும். மிதி மிதித்தால் பிஸ்டன் வெளியே வரும், திரும்பிப் போகாது. மைனரில் பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநர் காலடியில், தரைக்குக் கீழே இருக்கிறது. கம்பளத்தைத் தூக்கினால்தான் எண்ணெய் ஊற்றவே முடியும். பதினோரு வருஷமாகக் கம்பளத்துக்குத் தூசு தட்டியிருக்கிறார்கள், தூக்கிப் பார்க்கவில்லை. நின்ற பெட்ரோல் கார்புரேட்டருக்குள் பிசினாகிவிட்டது. டயர் பட்டன் தேயாமலே பக்கவாட்டில் வெடித்திருந்தது. ரப்பருக்கு வயது ஓடுகிற தூரத்தில் மட்டுமில்லை, காலத்திலும் ஏறும். முன்சக்கரத்தைத் தாங்கும் ட்ரனியன் என்ற மூட்டுக்கு அடிக்கடி கிரீஸ் அடிக்க வேண்டும். அடிக்காமல் விட்டால் ஒருநாள் ஓடும்போதே சக்கரம் மடிந்து வண்டி உட்கார்ந்துவிடும். மைனரை அறிந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பலவீனம் இது. கல்யாணத்துக்கு மணப்பெண்ணை ஏற்றிப்போன அன்றும் அந்த மூட்டு காய்ந்துதான் கிடந்திருக்கிறது.

வெளியே பெயின்ட் மட்டும் கண்ணாடி மாதிரி மின்னியது. வருஷாவருஷம் மெழுகு போட்டிருந்தார்கள்.

இனி இரண்டு விஷயம். சிங்கப்பூரில் ஈயம் கலந்த பெட்ரோல் 1998 ஜூலையோடு நின்றது. அந்தக் கால எஞ்சின்களின் வால்வு இருக்கைகள் ஈயத்தை நம்பிச் செய்யப்பட்டவை. ஈயமில்லாத பெட்ரோலில் நாளடைவில் தேய்ந்து உள்ளே இறங்கும். கடினமான இருக்கை போட வேண்டும், அல்லது பெட்ரோலில் மாற்று மருந்து கலக்க வேண்டும். அடுத்தது மின்சாரம். இந்தக் காரில் பாடிதான் பிளஸ். இன்றைய கார்களுக்கு நேர் எதிர். தெரியாமல் பாட்டரியை மாற்றிக் கொடுத்தால் புகைதான் வரும். இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது. ஆனால் வால்வு இறங்கிய எஞ்சினின் ஓசை எப்படி இருக்கும் என்பது அங்கிளின் காதில்தான் இருக்கிறது. அவருக்கு வயது 68. அவருக்குக் கீழே கற்றுக்கொள்ள அந்தப் பட்டறையில் ஒருவரும் இல்லை. நின்றுபோன கார்கள் வேலை தருவதில்லை. வேலை இல்லாத இடத்துக்குச் சிஷ்யன் வருவதில்லை. நம் ஆன்ட்டிகளின் பாசம் காரை மட்டுமில்லை, ஒரு தொழிலையும் நிறுத்திவைக்கிறது.

"இதெல்லாம் பணக்காரப் பொழுதுபோக்கு, இதற்கென்ன இலக்கிய இதழில் இடம்?" என்று கேட்கிறவர்களை யாழ்ப்பாணத்துக்கு அழைக்கிறேன். அந்தக் குடும்பங்கள் புறப்பட்டு வந்த அதே ஊர்.

1990-ல் போர் மறுபடி மூண்டபோது வடக்குக்கு எரிபொருள் போவது தடைப்பட்டது. பெட்ரோல் தங்கத்துக்குச் சமமானது. அப்போது யாழ்ப்பாணத் தெருக்களில் ஓடியவை இதே மோரிஸ் மைனர்களும் ஒஸ்ரின்களும்தான். கார்புரேட்டரில் சில துளி பெட்ரோல் விட்டு எஞ்சினை எழுப்பினார்கள். சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, சூட்டில் ஆகும். பழைய எஞ்சின்களின் அழுத்த விகிதம் குறைவு என்பதால் அந்த மட்டமான எரிபொருளை அவை தாங்கின. கரும்புகை கக்கின, எண்ணெய் நீர்த்தது, ஆனால் ஓடின. நோயாளியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போயின. உதிரிப்பாகம் வராத ஊரில் உதிரிப்பாகத்தைக் கடைந்து செய்தார்கள். அந்த ஓட்டுநர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் 'கிளாசிக்' என்ற சொல்லே தேவைப்படவில்லை. கார் தேவைப்பட்டது.

அதே தீவின் தெற்கில் இன்னொரு கதை. இங்கிலாந்தின் பாத் நகரில் மோரிஸ் மைனர்களைப் புதுப்பித்து விற்ற சார்ல்ஸ் வேர் என்பவர், 1990-களில் அவற்றுக்கான தகடுகளையும் பாகங்களையும் இலங்கையில் செய்ய ஏற்பாடு செய்தார். காரைப் பெற்ற நாடு அதன் பாகத்துக்கு இலங்கையிடம் கை நீட்டியது. ஏன்? இலங்கையில் அந்தக் கார் இன்னும் வேலையில் இருந்தது. வேலையில் இருக்கும் பொருளைச் செய்யத் தெரிந்த கைகள் மிச்சமிருந்தன. பாதுகாப்பு என்றால் இதுதான். இதில் மெழுகுக்கு எந்தப் பங்கும் இல்லை.

சரி, காத்தோங்குக்குத் திரும்புவோம். இந்த உண்மை நம் அரசாங்கத்துக்குத் தெரியாததும் இல்லை. ஜூ சியாட் வட்டாரம் 1993-ல் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அங்கே பூவேலைப்பாடு கொண்ட கடைவீடுகளை யாரும் பூட்டி வைக்கச் சொல்லவில்லை. முகப்பு, கூரை, காற்றுமுற்றம் இவற்றைக் காப்பாற்றிவிட்டு உள்ளே லக்சா விற்கலாம், அலுவலகம் நடத்தலாம், குடியிருக்கலாம். ஆள் புழங்காத வீட்டில் கரையான் புழங்கும் என்று நகரத் திட்டமிடுகிறவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. வீட்டுக்குச் சொன்ன நியாயத்தைக் காருக்குச் சொல்ல மட்டும் நமக்கு மனம் வரவில்லை. இன்னும் மோசம், காரைக் கொன்று அதன் முகத்தைக் கடைவீட்டுக்குள் கவுன்டராக வைக்கிறோம். உயிரோடு இருக்கும் கட்டடத்துக்குள் பாடம் செய்த மிருகம்.

எதிர்வாதங்கள் இருக்கின்றன, அவற்றில் நியாயமும் இருக்கிறது. இது சின்னத் தீவு, எல்லோரும் கார் வைத்துக்கொள்ள முடியாது. ஒப்புக்கொள்கிறேன், நானே பஸ்ஸில் போகிறவன். பழைய எஞ்சினில் புகையைச் சுத்திகரிக்கும் கருவி கிடையாது, ஒரு கிலோமீட்டருக்கு அது கக்குவது புதுக் காரைவிட அதிகம். உண்மை. 2030 முதல் புதிதாகப் பதிவாகும் கார்கள் எல்லாம் தூய எரிசக்தி வகையாக இருக்க வேண்டும் என்பது விதி, அதுவும் சரி. ஆனால் 45 நாள் என்பது வருஷத்தில் எட்டில் ஒரு பங்கு. புகைக் கணக்கையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் அந்த எட்டில் ஒரு பங்கை அனுமதித்திருக்கிறார்கள். அனுமதித்த நாளைக்கூட ஓட்டாமல் இருப்பதற்குச் சுற்றுச்சூழலைச் சாக்கு சொல்லாதீர்கள். மிதி இறுகிப்போன பிரேக்கோடு வருஷத்துக்கு ஒருநாள் சாலைக்கு வரும் கார்தான் எல்லோரையும்விட ஆபத்தானது.

இப்போது நம்மிடம் வருகிறேன். இந்த இதழை வாசிக்கிற, எழுதுகிற நம்மிடம்.

நம் கதைகளில் தாத்தாவின் கார் எத்தனை முறை வருகிறது! மழையில் நிற்கும், தோல் சீட்டின் வாசனை வரும், கதைசொல்லி கண்ணை மூடுவான். அந்தக் காரின் கீழே படுத்தவன் ஒரு கதையிலாவது வருகிறானா? புக்கிட் தீமாவில் 1941-ல் திறந்த ஃபோர்டு ஆலை தென்கிழக்காசியாவில் அந்த நிறுவனத்தின் முதல் கார் கோர்ப்பு ஆலை. 1980-ல் மூடும்வரை அங்கே கார்கள் கோர்க்கப்பட்டன. இன்று அந்தக் கட்டடம் நமக்கு நினைவில் நிற்பது 1942 பிப்ரவரி 15 அன்று வெள்ளைக்காரன் அங்கே சரணடைந்ததால்தான். ஒரு மாலையின் கையெழுத்து நினைவிருக்கிறது. பல பத்தாண்டுகளின் கைவேலை மறந்துவிட்டது. நம் இலக்கியமும் அதே அருங்காட்சியக வழியில்தான் நடக்கிறது. துருவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவோம், துருவைச் சுரண்டும் கருவியின் பெயர் தெரியாது.

மொழி விஷயத்திலும் இந்தப் பழக்கம் நமக்குப் புதிதில்லை. ஏப்ரலில் தமிழ்மொழி விழா, மாதம் முழுக்க மேடை, மாலை, பேச்சு. மற்ற பதினோரு மாதம் வீட்டுக்குள் துணி போர்த்தி நிறுத்தியிருக்கிறோம். விழா கூடாது என்று சொல்லவில்லை. விழாவுக்கு மட்டும் எடுக்கிற எதுவும் பிரேக் பிடிக்காது என்கிறேன். கடையில், லிஃப்ட்டில், சண்டையில், கணக்குப் பார்க்கையில் புழங்காத மொழியைப் பெயின்ட் அடித்துக் காப்பாற்ற முடியாது. பிழையாகப் பேசி, தடுமாறி, கலந்து பேசி, அப்படித்தான் அது ஓடும். மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின் மாதிரி.

மைனரின் கதை இன்னும் முடியவில்லை. பிரேக், எரிபொருள் குழாய், டயர், ட்ரனியன் மாற்றியாகிவிட்டது. போன மாதம் ஈஸ்ட் கோஸ்ட் ரோட்டில் ஆன்ட்டியே ஓட்டினார். மூன்றாவது கியரில் உறுமியது, வால்வு வேலை பாக்கி. ஆனால் கஃபேக்காரர்களின் பேரம் இன்னும் மேஜையில்தான் இருக்கிறது, குடும்பத்தில் இரண்டு பேர் விற்கலாம் என்கிறார்கள். என்ன நடக்கும் என்பது அவர்கள் கையில்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பழைய கார் வைத்திருப்பவர்களே, 45 நாளையும் செலவழியுங்கள். ஒரு நாளைக்கூட மிச்சம் வைக்காதீர்கள். வீட்டில் லைசென்ஸ் எடுத்த பிள்ளை இருந்தால் சாவியைக் கொடுங்கள், கீறல் விழட்டும். இளைய வாசகர்களே, கார் வாங்க நம்மால் முடியாது. ஆனால் சனிக்கிழமை காலையில் பட்டறைக்குப் போக முடியும். அங்கிளைப் போன்றவர்கள் கேட்டால் சொல்லித்தருவார்கள். கிரீஸ் துப்பாக்கியைப் பிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், பிறகு வந்து தாத்தாவின் காரைப் பற்றி எழுதுங்கள். அவர் காலத்தோடு இந்தக் காது போய்விட்டால், அப்புறம் தீவில் மிஞ்சப்போவது கவுன்டர்கள்தான்.