விலாங்குக்கும் வழி வேண்டும்

எண்ணூர்க் கழிமுகத்தைச் சீர்திருத்தும் பேச்சு எழும்போதெல்லாம் இறாலும் நண்டும் மடவையும் நம் நினைவுக்கு வருகின்றனவே தவிர, அந்த முகத்துவாரத்தின் வழியே குஞ்சாக உள்ளே ஏறி, பல ஆண்டுகள் கழித்து முதிர்ந்த உடலோடு அதே வழியாகச் சமுத்திரத்துக்குத் திரும்பவேண்டிய விலாங்கைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. மணலை வாரிச் சாம்பலை அகற்றிவிட்டால் கடமை தீர்ந்தது என்ற எண்ணம் அதிகாரிகளிடம் மட்டுமன்றி நம்மிடமும் வேரூன்றிவிட்டது. அது போதாது என்பதே என் அபிப்பிராயம்.

நம் நாட்டு நன்னீர் விலாங்குகள் பிரதானமாக இரண்டு இனம். உடலெங்கும் திட்டுத்திட்டாய்ப் புள்ளி படர்ந்து, இரண்டு மீட்டர் வரையிலும் வளரக்கூடியது ஒன்று; முதுகுத் துடுப்பு குறுகி, திட்டில்லாத மேனியோடு இருப்பது மற்றொன்று. ஆற்று மடுவிலும் ஏரியிலும் ஆண்டுக்கணக்கில் வளரும் இவ்விரண்டும் அங்கே ஒருநாளும் முட்டையிடுவதில்லை. பருவம் வந்ததும் கண் பெருத்து, வயிறு வெள்ளியாய் வெளுத்து, இரைப்பை சுருங்கி, உணவையே துறந்து, வெள்ளத்தோடு இறங்கிக் கடலுக்குப் போய், ஆழ்கடலில் ஒரே ஒரு முறை முட்டையிட்டு மடிகின்றன. முட்டையிலிருந்து வருவது விலாங்கின் சாயலே இல்லாத, கண்ணாடி போல ஊடுருவித் தெரியும் தட்டையான இலை வடிவம். அதைத் தனியொரு மீனினம் என்றே விஞ்ஞானிகள் நெடுநாள் எண்ணியிருந்தார்கள். 1896-ல்தான் இத்தாலியர் கிராஸியும் கலாண்ட்ரூச்சியோவும் அது விலாங்கின் குழந்தைப் பருவமே என்று நிரூபித்தார்கள். ஐரோப்பிய விலாங்கின் பிறப்பிடத்தைத் தேடி டென்மார்க்கின் யொஹான்னஸ் ஷ்மிட் ஏறத்தாழ இருபது வருஷம் அட்லாண்டிக்கில் அலைந்து, சர்காஸோ கடலைச் சுட்டிக்காட்டினார். அவர் தலைமையில் 1928 முதல் 1930 வரை உலகைச் சுற்றிய 'டானா' கப்பல் சுமாத்ராவின் மேற்குக் கடலில் விலாங்கின் இலைக்குஞ்சுகளை வாரி எடுத்தது. ஆயினும் நம் ஆறுகளிலிருந்து இறங்கும் தாய் விலாங்கு எந்த ஆழத்தில் முட்டையிடுகிறது என்பதை நேரில் கண்டவர் இன்றளவும் இல்லை.

அத்தனை தூரம் மிதந்து, கரையை நெருங்குகையில் உருமாறி, விரல் நீளமுள்ள நிறமற்ற நூலாக முகத்துவாரத்தை அடையும் அந்தக் குஞ்சு எண்ணூரில் காண்பது என்ன? அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழாய்கள் கசிந்து கசிந்து அடியில் படிந்த சாம்பல் சேறு. குளிர்விப்பதற்கென்று எடுக்கப்பட்டுச் சூடாகத் திரும்பும் நீர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து இறங்கிக் காட்டுக்குப்பத்துப் படகுகளையும் அலையாத்திச் செடிகளையும் கருக்கிய எண்ணெய். இவற்றையெல்லாம் தாண்டினாலும், கொசஸ்தலையாற்றில் முதலில் எதிர்ப்படும் பெருந்தடை வல்லூர் அணைக்கட்டு. அதற்கு மேலே தாமரைப்பாக்கம். அதற்கும் மேலே 1944-ல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கம்.

சென்னையின் தாகம் தீர்க்கும் அணைகளை இடிக்கவேண்டுமென்று நான் சொல்லவில்லை, எவரும் சொல்லமாட்டார்கள். ஆனால் விலாங்குக் குஞ்சுக்கு வேண்டியது மிகக் கொஞ்சம். சமையலுக்கு ஆயும் பெண்கள் சாம்பலும் உப்பும் இட்டுத் தேய்த்துப் போக்குகிறார்களே, அந்த வழவழப்புத்தான் அதற்குக் கவசம். உடல் நனைந்திருக்கும் வரையில் தோலாலேயே ஓரளவு சுவாசித்துக்கொண்டு, இராக்காலத்தில் ஈரப் பாறையிலும் சுவரிலும் ஒட்டி ஏறிவிடும். செங்குத்தான, வழுக்கும் சிமெண்டுச் சுவரில் பிடிப்பில்லாமல்தான் அது தோற்கிறது. அணையின் ஒரு பக்கத்தில் தூரிகை இழை பதித்த சரிவொன்றை அமைத்து, மேலிருந்து சிறிதளவு நீர் எந்நேரமும் கசிந்துகொண்டிருக்கச் செய்தால் போதும். நியூசிலாந்தில் வெறும் கயிற்றைத் தொங்கவிட்டே குஞ்சுகளை ஏற்றிவிடுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியமோ 2007-ல் சட்டமே இயற்றி, மனிதர் குறுக்கீடு இல்லாதிருந்தால் கடலுக்குப் போயிருக்கக்கூடிய முதிர்ந்த விலாங்கில் நூற்றுக்கு நாற்பது பங்காவது போய்ச் சேரவேண்டுமென்று விதித்திருக்கிறது. அங்கே விழிப்பு வந்தது, ஆற்றுக்கு ஏறி வரும் குஞ்சுகள் பெரும்பாலும் அற்றுப்போன பிறகுதான். நம் இனங்கள் இரண்டும் அழிவின் விளிம்பை அணுகுபவை என்ற அளவில் சர்வதேசப் பட்டியலில் இப்போதே இடம் பெற்றிருக்கின்றன.

ஆகவே எண்ணூர்ச் சீரமைப்புத் திட்டத்தில் இரண்டு காரியங்கள் சேரவேண்டும். முதலாவது, வல்லூரில் ஒரு சரிவு. அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே அதைக் கட்டி முடித்துவிடலாம். இரண்டாவது, முகத்துவாரத்தில் எந்த மாதம் எவ்வளவு குஞ்சு ஏறுகிறது என்ற கணக்கு. மாதவரத்திலேயே மீன்வளப் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறது; கழியில் இறங்கிக் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் இருளர்களும், தாழங்குப்பம் நெட்டுக்குப்பம் மீனவர்களும் அந்த நீரின் போக்கைப் பரம்பரையாக அறிந்தவர்கள். இவர்களுக்குத் தக்க ஊதியம் கொடுத்து, நுண்கண் வலையோடு மாணவர்களுடன் நிறுத்தினால், முதல் வருஷத்துக் கணக்கு கையில் வந்துவிடும். தாமரைப்பாக்கத்தில் என்ன செய்வதென்பதை அதைப் பார்த்துத் தீர்மானிக்கலாம்.