பல்லைக் கடித்துக்கொண்டு

இடது கடைவாயில் ஆறு மாதமாக வலி. காலையில் எழுந்தால் தோசையை மெல்வதே பெரும்பாடு. பத்து மணி வாக்கில் தானே தணிந்துவிடும். சொத்தைப் பல் இப்படி மணி பார்த்தா வலிக்கும்? அது அப்போது தோன்றவில்லை. கிராம்பை அடக்கிக்கொண்டு காலம் தள்ளினேன்.

இங்கே சிஞ்ச்வட்டில், மோர்யா கோசாவி கோயில் பக்கம் ஒரு பல் மருத்துவரிடம் போனேன். எக்ஸ்ரேயில் பல் சுத்தம். அவர் பல்லை விட்டுவிட்டுக் கன்னத்தை அழுத்தினார், உயிர் போயிற்று. "ராத்ரீ தாத் காதா கா?" என்றார். இரவில் பல்லைத் தின்கிறீர்களா? மராத்தியில் நறநறப்பதற்கு அதுதான் பேச்சு. கோபம் வந்தால் இந்த ஊர்க்காரர்கள் உதட்டையும் சேர்த்துத் தின்பார்கள். நமக்குப் பல்லைக் கடிப்பது கோபம் மட்டுமில்லை, பொறுமையும்தான். "ரெண்டு வருஷம் பல்லைக் கடிச்சிக்கிட்டு இருந்துட்டு வா" என்றுதான் அம்மா என்னைச் சிஞ்ச்வட்டுக்கு ரயிலேற்றினாள். பதினொரு வருஷமாக இருக்கிறேன்.

மருத்துவர் விளக்கினார்: வாய் சும்மா இருக்கையில் உதடு மூடியிருக்கலாம், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடக்கூடாதாம். நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். எனக்கு இது புதுச் செய்தி. மெல்லும்போது புடைக்கிற கன்னத்துத் தசை ஓயாமல் இறுகினால் நோகிறது. நோவு அங்கே நிற்காமல் கடைவாய்ப் பல்லிலோ காதிலோ போய் உட்கார்ந்துகொள்கிறது. அதை நம்பி நல்ல பல்லுக்கு ரூட் கேனால் செய்துகொண்டவர்களும் உண்டு.

தூக்கத்தில் கடிப்பது தனிக் கதை. உறக்கம் சில நொடி மேலோட்டமாகி, இதயத் துடிப்பு கூடும்; தாடை பின்னாலேயே அரைக்கத் தொடங்கும். குறட்டை, மூச்சுத்திணறல், காபி, சிகரெட், மது, சில மனச்சோர்வு மாத்திரைகள் எல்லாம் இதோடு சேர்த்துப் பேசப்படுகின்றன. எங்கள் வீட்டில் காரணம் ஒன்றுதான்: வயிற்றில் பூச்சி. என் தம்பி குடித்த பூச்சி மருந்துக்குக் கணக்கில்லை.

மருத்துவர் இரவில் பல்லில் மாட்டிக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் உறை செய்து கொடுத்தார். அது கடிப்பதை நிறுத்தாது. பல் தேயாமல் காக்கும், அவ்வளவே. பகலுக்கு வைத்தியம் இன்னும் மலிவு: கம்ப்யூட்டர் ஓரத்தில் ஒரு பச்சைப் பொட்டு. கண்ணில் படும்போதெல்லாம் பல்லை விலக்க வேண்டும். நாலு நாளில் கண் அதற்குப் பழகிவிட்டது. பொட்டை இப்போது போனுக்கு மாற்றியிருக்கிறேன்.