இரண்டு பர்க் இல்லை

எட்மண்ட் பர்க் 1765 டிசம்பரில் பிரிட்டிஷ் பொதுச்சபைக்குள் நுழைந்தார். 1794 வரை அங்கே இருந்தார். டப்ளின் நகர வழக்கறிஞர் ஒருவரின் மகனான அவர் பிரதமராகவில்லை; அமைச்சரவையில் ஓர் இடம்கூட அவருக்குக் கிடைத்ததில்லை. விக் கட்சிக்காரராக வாழ்ந்தவரைப் பழமைவாத அரசியலின் தந்தை என்று பிற்காலம் கொண்டாடியது. அவரைப் பற்றிய ஒரு கதை இன்றும் ஓயவில்லை. அமெரிக்கருக்காகவும் இந்தியருக்காகவும் வாதாடிய முற்போக்காளர், பிரெஞ்சுப் புரட்சியின் இரத்தத்தைக் கண்டு மிரண்டு பிற்போக்காளராக மாறிவிட்டார் என்பது அந்தக் கதை. மார்க்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். முதலில் அமெரிக்கக் காலனிகளிடமும் பிறகு இங்கிலாந்தின் மேட்டுக்குடியிடமும் கூலி வாங்கிக்கொண்டு பேசியவர் என்று ‘மூலதனம்’ நூலில் பர்க்கைச் சாடினார். வங்காளத்தின் தலைமை ஆளுநராக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ் மீதான விசாரணை வழியாக மட்டுமே பர்க்கை அறிந்த இந்திய வாசகருக்கும் இந்தக் கதை வசதியானது: நம் பக்கம் நின்ற நல்ல பர்க்கை வைத்துக்கொண்டு மற்ற பர்க்கைத் தள்ளிவிடலாம்.

இந்தக் கதையைத் தேதிகளே பொய்யாக்கிவிடுகின்றன. புரட்சியைக் கண்டித்து பர்க் எழுதிய நூல் 1790 நவம்பரில் வெளிவந்தது. பிரான்சின் மன்னர் கில்லட்டினுக்குப் போனது 1793 ஜனவரியில். பயங்கர ஆட்சி அதற்கும் பின்னர். நடக்காத கொலைகளைக் கண்டு ஒருவர் எப்படி மிரள முடியும்? ஹேஸ்டிங்ஸ் விசாரணை 1788 பிப்ரவரியில் தொடங்கி 1795 ஏப்ரல் வரை இழுத்தது. அதாவது, பிரான்சுக்கு எதிராக எழுதியவரும் பிரபுக்கள் சபையின் முன்னால் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியைக் குற்றக்கூண்டில் நிறுத்தியவரும் ஒரே ஆண்டுகளில் வாழ்ந்த ஒரே ஆள். அவர் ஒன்பது நாள் நிறைவுரை ஆற்றியது 1794 கோடையில், பயங்கர ஆட்சி உச்சத்தில் இருந்தபோது. மிரண்டு மாறியவர் என்றால் அந்த நேரத்தில் ஹேஸ்டிங்ஸை விட்டிருக்க வேண்டும்.

கூலிக் குற்றச்சாட்டில் பாதி உண்மை உண்டு. நியூயார்க் மாகாணப் பேரவையின் லண்டன் முகவராக ஆண்டுக்கு 500 பவுன் சம்பளம் வாங்கியவர்தான் அவர். உறவினர் என்று அவர் உரிமை கொண்டாடிய வில்லியம் பர்க், தஞ்சை அரசரின் முகவராக வேலை பார்த்தார். தஞ்சைக்காக பர்க் பேசியதில் குடும்ப நலனும் கலந்திருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் மன்னர் அளித்த ஓய்வூதியம் வந்து சேர்ந்தது புரட்சி பற்றிய நூல் வெளியாகிச் சில ஆண்டுகள் கழித்துத்தான். நூலுக்கு அது கைமாறு என்று வேண்டுமானால் சொல்லலாம். நூலின் கருத்து எங்கிருந்து வந்தது என்பதை அது விளக்காது.

அதை விளக்குவது தமிழ் மண்ணின் விவகாரம். ஆர்க்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா சென்னையிலிருந்த கம்பெனி ஊழியர்களிடம் கொடும் வட்டிக்குக் கடன் வாங்கினார். ஈடாக ஊர்களின் வரி வருவாயை எழுதிக்கொடுத்தார். கடன் கொடுத்தவர்களே வரிவசூலுக்கும் உரிமை பெற்றார்கள். கடனை அடைக்க இன்னொரு நாட்டின் வருவாய் தேவைப்பட்டது. 1773-இல் கம்பெனிப் படையின் துணையோடு நவாப் தஞ்சையைப் பிடித்து, துளஜா மன்னரைச் சிறைவைத்தார். 1776-இல் ஆளுநர் பிகட், கம்பெனி இயக்குநர்களின் ஆணைப்படி தஞ்சையை அரசரிடமே ஒப்படைத்தார். தஞ்சை விளைச்சல் தனக்கு ஈடாக எழுதப்பட்டிருக்கிறது என்று பால் பென்ஃபீல்டு என்ற கம்பெனி ஊழியர் உரிமை கோரினார். அதைத் தொடர்ந்த மோதலில் சென்னை ஆட்சிக் குழுவின் பெரும்பான்மையினர் ஆளுநரையே கைது செய்தார்கள். பிகட் காவலிலேயே இறந்தார். கடைசியில் லண்டனில் பிரதமர் பிட்டின் அரசு, நவாபின் கடன்களை விசாரிக்காமலேயே செல்லும் என ஏற்று, நவாப் ஆண்ட கர்நாடகப் பகுதியின் வருவாயிலிருந்து அடைக்க உத்தரவிட்டது.

1785 பிப்ரவரி 28 அன்று இதை எதிர்த்துத்தான் பர்க் பேசினார். அந்த உரையின் உயிர் ஏரிகளைப் பற்றிய பகுதியில் இருக்கிறது. செங்கல்பட்டு ஜாகிரின் வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு அதிலிருந்த ஏரிகளை எண்ணினார்; 1,100-க்கு மேல் வந்தது. கர்நாடகத்திலும் தஞ்சையிலும் பெரியதும் நடுத்தரமுமாக 10,000-க்குக் குறையாது என்று கணக்கிட்டார். தங்களுக்குப் பின் வரும் தலைமுறைகளுக்காக அந்தக் கரைகளைக் கட்டிய பழைய மன்னர்களையும் தலைவர்களையும் அவர் புகழ்ந்தார். சில ஆண்டுகளில் மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறப் போகிற வட்டிக்காரர்கள் ஏரிகளுக்கான நிதியைத் திசைதிருப்பியதால் அவை எங்கும் பாழடைந்தன என்று குற்றஞ்சாட்டினார். தமிழ்நாட்டில் ஒருநாளும் கால் வைக்காத ஒருவர் இவ்வளவு தெரிந்து வைத்திருந்தது வியப்புத்தான். அவர் ஆதரித்துப் பேசிய தீர்மானம் 69-க்கு 164 என்று தோற்றது.

பிரான்சைப் பற்றி அவர் சொன்னதும் இதே வாதம். பரம்பரைச் சொத்து, சமயம், வழக்காறு ஆகியவற்றால் பல தலைமுறை கட்டிய ஒன்றை, வேரில்லாத புதுப்பணக்காரர்களும் ஏட்டுக் கொள்கைக்காரர்களும் ஒரே நாளில் பெயர்த்தெறிகிறார்கள் என்பதே அவருடைய கோபம். தம் கடைசிக் காலக் கடிதங்களில் கம்பெனிக்காரர்களின் கொள்ளையையும் பாரிசின் ஜாக்கோபின் கொள்கையையும் இரட்டைத் தீமைகளாக அவரே சேர்த்து வைத்தார். முன்னதே மோசமானது என்றும் எழுதினார். அமெரிக்காவுக்காகப் பேசியதும் குடியேறிகள் வழிவழியாக அனுபவித்த ஆங்கில உரிமைகளுக்காகத்தான், மக்களாட்சிக்காக அன்று.

உள்நாட்டிலும் அவர் போக்கு மாறவில்லை. தம் தொகுதியான பிரிஸ்டலின் வணிகர்களிடம், உறுப்பினர் வாக்காளரின் ஏவலாள் அல்லர் என்று 1774-இல் சொன்னார். அயர்லாந்து வணிகத்துக்கும் கத்தோலிக்கருக்கும் சலுகை கேட்டு அவர்களைப் பகைத்துக்கொண்டார். 1780-இல் அங்கே போட்டியைக் கைவிட நேர்ந்தது. அதே மனிதர்தான் 1782-இல், புரட்சிக்கு ஏழு ஆண்டு முன்பே, நாடாளுமன்றப் பிரதிநிதித்துவச் சீர்திருத்தத்தை எதிர்த்தார். ‘நல்ல’ பர்க்கிடமும் வாக்குரிமை விரிவுக்கு இடம் இருந்ததில்லை.

ஆகவே இந்தியாவின் விடுதலைக்கு முன்னோடி என்ற மாலையும் அவர் கழுத்துக்குப் பொருந்தாது. 1773-இல் கம்பெனியை அரசு கட்டுப்படுத்த முனைந்தபோது, சாசன உரிமை என்று சொல்லி அதை எதிர்த்தவர் அவர். பத்து ஆண்டு கழித்து, விக் தலைவர் ஃபாக்ஸின் பெயரால் அறியப்படும் இந்திய மசோதாவை வரைந்தபோதும் லண்டனின் மேற்பார்வையைத்தான் கேட்டார்; இந்தியர் தம்மைத் தாமே ஆள்வதைக் கேட்கவில்லை. ஏரி கட்டிய மன்னர் அவர் கண்ணில் பட்டார். அதன் கரைக்கு மண் சுமந்தவர் அவ்வளவாகப் படவில்லை. 1795-இல் இங்கிலாந்தில் தானியத் தட்டுப்பாடு வந்தபோது, உழைப்பாளியின் கூலியிலும் உணவு விலையிலும் அரசு தலையிடவே கூடாது என்று பிட்டுக்கு எழுதினார். பர்க்கைக் குறை சொல்ல விரும்புவோர் தொடங்க வேண்டிய இடம் அந்தக் குறிப்புத்தான். கட்சி மாறினார் என்ற பழியில் சரக்கில்லை.