விரல் போகும் ஊரில் விரல் சேர்க்கும் வைத்தியம்

தென்பெண்ணையாறு கர்நாடகத்தை விட்டுத் தமிழ்நாட்டு எல்லைக்குள் வந்ததும் முதன்முதலில் தேங்கி நிற்கிற இடம் கெலவரப்பள்ளி அணை. அந்த அணைத் தண்ணீரை நம்பிப் பயிர் செய்துவந்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போகும் ஷிப்டு பஸ்ஸை எதிர்பார்த்து விடியற்காலையிலேயே சாலையோரத்தில் நிற்கிறார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பிழைப்பைத் தேடி வந்த வாலிபர்கள் அவர்களோடு தோளுரசி நிற்கிறார்கள். வாகனமும் கடிகாரமும் செய்கிற பெரிய ஆலைகளின் பெயர் உலகமறிந்தது. அந்த ஆலைகளைச் சுற்றிலும் தகட்டை வெட்டியும் வளைத்தும் சிறு பாகங்கள் செய்கிற பட்டறைகளைப் பற்றியோ, அங்கே பிரஸ்ஸின் முன் நின்று வேலை செய்கிறவனின் கையைப் பற்றியோ அதிகம் பேசுவாரில்லை.

பவர் பிரஸ்ஸின் இரும்புத் தலை இறங்கி ஏறும் இடைவேளைக்குள் தகட்டை அச்சில் வைத்து, அடித்த பாகத்தை வெளியே எடுத்து, அடுத்த தகட்டை வைக்க வேண்டும். இரண்டு பொத்தான்களை இரு கையாலும் ஒருசேர அழுத்தினாலன்றித் தலை இறங்காதபடி செய்யும் ஏற்பாடு நெடுங்காலமாக உண்டு. அபாயமான இயந்திர பாகங்களுக்குத் தடுப்பு இருக்க வேண்டுமென்று 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமும் சொல்லியிருந்தது. ஆயினும் உற்பத்திக் கணக்கை உத்தேசித்து ஒரு பொத்தானைக் கட்டிவைத்துவிட்டு ஓட்டுவதும், ஷிப்டு முடியும் தறுவாயில் அசதியால் கை ஒரு கணம் பின்தங்குவதும் நடக்கக்கூடிய காரியங்களே. அப்படி நேர்ந்தபின், போன விரலுக்கு நஷ்டஈட்டுச் சட்டம் விலை குறித்து வைத்திருக்கிறது: கட்டைவிரல் முழுதும் போனால் சம்பாதிக்கும் சக்தியில் நூற்றுக்கு 30 பங்கு நஷ்டம், ஆள்காட்டி விரலுக்கு 14, நடுவிரலுக்கு 12, சுண்டுவிரலுக்கு 7. நஷ்டஈட்டுக்கு ஒரு கணக்கு அவசியந்தான். ஆனால் அந்த அட்டவணையை வாசிக்கும்போதெல்லாம், போன விரல் போனதுதான் என்று நாம் முன்கூட்டியே சம்மதித்துவிட்டோமோ என்ற சங்கடம் என் மனத்தில் எழாமலிருப்பதில்லை.

ஏனெனில் போன விரல் போனதுதான் என்ற நிலைமை மாறி அறுபது வருஷமாகிறது. 1962-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ரொனால்டு மால்ட் என்ற சர்ஜன் ஒரு சிறுவனின் துண்டான கரத்தைத் திரும்ப இணைத்தார். 1963-இல் ஷாங்காயில் சென் ஜோங்வெய், இயந்திரத்தில் சிக்கித் துண்டான ஒரு தொழிலாளியின் கையைச் சேர்த்தார். 1965-இல் ஜப்பானில் கொமாட்சுவும் தமாயும் அடியோடு துண்டிக்கப்பட்ட கட்டைவிரலை ஒட்டவைத்து, நுண்ணிய ரத்தக்குழாய்களையும் தைக்க இயலும் என்று ஸ்தாபித்தார்கள். விரலில் ஓடும் ரத்தக்குழாயின் விட்டம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். அதைத் தைக்கும் இழை தலைமயிரைவிட மெல்லியது. முதலில் எலும்பை மெல்லிய கம்பியால் நிலைநிறுத்தி, பிறகு தசைநாண்களை இணைத்து, அப்பால் மைக்ரோஸ்கோப்பின் கீழே தமனியையும் நரம்பையும் சிரையையும் ஒவ்வொன்றாகத் தைத்துக்கொண்டு போகையில், ஒரே விரலுக்குச் சில மணி நேரம் ஆகிவிடும். கட்டியிருந்த குழாயைத் தளர்த்தியவுடன் வெளுத்துக் கிடந்த விரல்நுனி சிவக்கிறதா என்று அறையிலுள்ள அத்தனை பேரும் பார்த்திருப்பார்கள். உள்ளே போன ரத்தம் திரும்பி வர வழியில்லாமல் விரல் நீலம் பாரித்தால், நம் பழைய வைத்தியர்கள் உபயோகித்த அதே அட்டையை இன்றைய சர்ஜனும் விரல்நுனியில் விடுகிறார் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். பின்னும் நரம்பு நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் வீதமே வளரும் ஆதலால், உணர்ச்சி திரும்பி விரல் வேலைக்கு உதவ மாதக் கணக்கில் பயிற்சி வேண்டும்.

இந்த வித்தையை வெளிநாட்டுச் சரக்கென்று எண்ணிவிட வேண்டாம். கை வைத்தியத்தில் தமிழ்நாட்டுக்கு உள்ள கீர்த்தி சாமானியமானதன்று. அந்தக் கீர்த்தி எப்படி வந்தது என்பதில்தான் என் வாதமே அடங்கியிருக்கிறது.

1914-இல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்டு, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். மறு வருஷம் செங்கல்பட்டுத் தொழுநோய் விடுதியைப் பார்க்கப் போன இடத்தில், விரல் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் தம் கையை நீட்டி அழுத்திப் பிடிக்கச் சொன்னார். பிடி வலித்தது. செத்துவிட்டதாக எல்லோரும் கருதிய கையில் இத்தனை பலம் மிச்சமிருக்கிறதென்றால், பழுதான தசைகளின் வேலையைப் பழுதாகாத தசைநாண்களுக்கு மாற்றிக் கொடுக்கலாமே என்று யோசித்து, அந்தச் சிகிச்சையை வேலூரில் நடத்திக் காட்டினார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயினால் அழுகி உதிர்கின்றன என்று நூல்களே எழுதிவந்த காலத்தில், வலி தெரியாமையால் நெருப்பிலும் கருவியிலும் அடிபட்டுத் தேய்கின்றன என்பதை அவரும் அவருடைய சகாக்களும் நோயாளிகளின் தினசரி ஜீவனத்தைக் கவனித்தே கண்டறிந்தார்கள். இரவில் உறங்குகையில் எலி கடித்து விரல் போவதைக் கண்டுபிடித்த பின், நோயாளிகளுக்குப் பூனை கொடுத்தார்கள். ஆராய்ச்சி என்றால் என்னவென்று என்னைக் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் இந்தப் பூனைதான். மோட்டார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இரு கால்களும் செயலிழந்தபின், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்த டாக்டர் மேரி வர்கீசும் அதே வேலூர்ப் பள்ளியில் உருவானவர்.

அடுத்தது வடசென்னை. துறைமுகமும் பட்டறைகளும் அச்சகங்களும் நெருங்கிய அந்தப் பிரதேசத்தின் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில், 1971-இல் டாக்டர் ஆர். வெங்கடசுவாமி கைக்கென்றே ஒரு பிரிவை நிறுவினார். சாய்வாக வெட்டுண்ட விரல்நுனியை மூட, அதே விரலின் பக்கத்திலிருந்து முக்கோணமாகத் தோலை நகர்த்தும் முறையை அவரும் டாக்டர் சுப்பிரமணியனும் 1980-இல் வெளியிட்டார்கள். இன்றளவும் கைச் சிகிச்சை பயில்கிறவர்கள் அதை வெங்கடசுவாமியின் பெயராலேயே அறிவார்கள். கட்டணமில்லாத சர்க்கார் வார்டில் கிடந்த கூலிக்காரர்களின் விரல்நுனிகளிலிருந்து எழுந்த ஞானம் அது. இரு கையும் இழந்தவருக்கு மூளைச்சாவடைந்த ஒருவரின் கைகளைப் பொருத்தும் சிகிச்சையை 2018-இல் தமிழ்நாட்டில் முதன்முதலாகச் செய்து காட்டியதும் அதே ஸ்டான்லிதான். ஆலைகளும் வார்ப்படப் பட்டறைகளும் நிறைந்த கோயம்புத்தூரில், கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். ராஜசபாபதி நுண்சிகிச்சையை உலகம் வந்து பார்க்கும் அளவுக்கு வளர்த்திருக்கிறார்.

வேலூருக்குத் தொழுநோய், வடசென்னைக்குத் துறைமுகமும் பட்டறையும், கோவைக்கு ஆலை. தன் வாசலில் வந்து விழுந்த காயத்தைச் சிரத்தையோடு கவனித்த ஸ்தலங்களிலேயே இந்த அபூர்வமான சாஸ்திரம் முளைத்திருக்கிறது. இந்த வரிசையில் அடுத்து வரவேண்டிய பெயர் ஓசூர் அடங்கிய கிருஷ்ணகிரி என்பதே என் அபிப்பிராயம்.

2022-ஆம் வருஷம் ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 சர்க்கார் மருத்துவக் கல்லூரிகளில் ஒன்று நம் ஜில்லாவின் போலுப்பள்ளியில் இருக்கிறது. வேலூரில் ஹீமோபிலியா நோயாளிகள் ஐவருக்கு மரபணுச் சிகிச்சை செய்து ரத்தப்போக்கை நிறுத்தியதை 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் பிரசுரித்த செய்தி, நாம் அனைவரும் பெருமைகொள்ளத் தக்கதே. இளம் கல்லூரி ஒன்று அதே உயரத்தை எட்டிப்பிடிக்க நினைத்து, பெரிய நகரத்துக் கல்லூரிகளின் துறைகளை அப்படியே பிரதியெடுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இருபத்துநாலு மணி நேரமும் இயங்கும் கை அறுவைப் பிரிவு ஒன்று அதன் மகுடமாக விளங்கட்டும். இங்கே வரும் காயங்கள் எந்த இயந்திரத்தில், எந்த ஷிப்டில், வேலைக்குச் சேர்ந்து எத்தனை நாளானவனுக்கு நேர்ந்தன என்று பத்து வருஷம் ஒழுங்காகப் பதிவு செய்தாலே, அது வைத்தியத்துக்கு மட்டுமல்லாமல் தொழிற்சாலைப் பரிசோதகருக்கும் உபயோகமான ஆராய்ச்சியாக அமையும்.

தூரத்தின் பிரச்னை எளிதில் தள்ளக்கூடியதல்ல. தசையுள்ள உள்ளங்கையோ முன்கையோ துண்டானால், குளிரவைக்காத நிலையில் ஏறக்குறைய 6 மணி நேரத்துக்குள் ரத்தம் ஓடியாக வேண்டும்; தசையில்லாத விரல் கூடுதலாகத் தாங்கும், முறைப்படி குளிரவைத்தால் ஒரு நாள் வரைகூடப் பொறுக்கும். சென்னை ஓசூரிலிருந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர். பெங்களூர் அருகிலிருக்கிறது, ஆனால் அத்திப்பள்ளி தாண்டியதும் நெரிசல் ஒருபுறமும், பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் முன்பணம் கட்ட வேண்டுமே என்ற திகில் மறுபுறமும் காண்டிராக்ட் தொழிலாளியை வாட்டுகின்றன. விரலைத் துண்டாகவே விட்டுத் தையல் போட்டு அனுப்பிவிடுங்கள் என்று அவனே சொல்லிவிடுகிற நிலை வேறெதனால் வருகிறது? சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தை 2021-இல் தமிழ்நாட்டு சர்க்கார் கொண்டுவந்தது. இயந்திரத்தில் அடிபட்டவனுக்கும் அதே சலுகை உண்டென்று ஓர் உத்தரவு பிறப்பித்தால், இ.எஸ்.ஐ. காப்பீட்டு அட்டை இருக்கிறதா, காண்டிராக்டர் யார் என்ற விசாரணைகளை விரல் சேர்ந்த பிறகு சாவகாசமாக நடத்திக்கொள்ளலாம்.

செலவு பெரிதல்லவா என்பார்கள். பெரிதுதான். மைக்ரோஸ்கோப்பை வாங்கிவிடலாம், இரவு இரண்டு மணிக்கு அதன் முன் உட்காரப் பயின்ற சர்ஜன்களையும், மயக்க மருந்து நிபுணரையும், கைப் பயிற்சியாளரையும் இங்கேயே குடியிருக்கச் செய்வதுதான் கடினம். ஸ்டான்லியில் பயின்றவர்களைச் சில வருஷமாவது இங்கே நியமித்து, இளையவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பையும் அவர்களிடமே ஒப்படைத்தாலன்றி, வாங்கிய கருவி உறைபோட்டபடியே நிற்கும். இரண்டு கையாலும் ஆயுள் முழுதும் உழைக்க வேண்டிய ஒரு வாலிபன் இருபது வயதில் பிடி இழந்தால் அந்தக் குடும்பம் சுமக்கும் நஷ்டத்தோடு இந்தச் செலவை ஒப்பிட்டுப் பார்க்கும்படி நிதித்துறையினரைக் கேட்டுக்கொள்கிறேன்.

பிரிவு அமையும் வரையில் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. துண்டான விரலை நேராக ஐஸ் கட்டியின்மேல் போட்டால் அது உறைந்து கெட்டுவிடும். சுத்தமான தண்ணீரில் கழுவி, நனைத்துப் பிழிந்த சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையிலிட்டு வாய் கட்டி, அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீரில் வைத்து, காயப்பட்டவனோடு அதே வண்டியில் அனுப்ப வேண்டும். எத்தனை சிதைந்திருந்தாலும் குப்பையில் எறியாமல் அனுப்ப வேண்டும். எது உதவும், எது உதவாது என்று தீர்மானிப்பது சர்ஜனின் வேலை. இந்த நாலு வரியைத் தமிழிலும் கன்னடத்திலும் ஹிந்தியிலும் ஒடியாவிலும் அச்சிட்டு, ஓசூர் வட்டாரத்துப் பட்டறை ஒவ்வொன்றிலும் பிரஸ்ஸுக்கு எதிர்ச் சுவரில் ஒட்டும்படி தொழிற்சாலைப் பாதுகாப்பு இலாகா இந்த மாதமே உத்தரவிடலாம்.